கண்ணாடியில் ஏறிய நண்டு

கேளுங்க கண்ணுகளா, ஒரு புருஷனும் பொண்டாட்டியும் கடைச் சுவர்களில் படம் வரைந்து பிழைத்தார்கள். கோடு போடுவது அவர், நிறம் பூசுவது அவள். அவளுக்கும் கோடு போட ஆசைதான். கேட்டால், "உனக்கு எதுக்கு அந்த வம்பு?" என்று சிரித்தபடி ஏணியில் ஏறிவிடுவார். அந்த ஏணியே ஒருநாள் வழுக்கிவிட, வலது கையில் மாவுக்கட்டு. அந்த நேரம் பார்த்து அவருடைய தங்கை நண்டுக்கடை திறக்கிறாள்.

கடைக் கதவு முழுக்கக் கண்ணாடி. அதில் பெரிசாக ஒரு நண்டு வேண்டும்.

"அண்ணனுக்குக் கை சரியில்ல. நாளைக்குத் திறப்பு. ஸ்டிக்கர்காரனையே கூப்பிட்டுக்கறேன்," என்றாள் தங்கை.

"நான் போடறேன்," என்றாள் அண்ணி.

"நீங்களா? நண்டுக்கு எத்தனை காலுன்னாவது தெரியுமா அண்ணி?"

"உன்னையும் உங்கண்ணனையும் இத்தனை வருஷம் கட்டி மேய்க்கறேன். நண்டு எம்மாத்திரம்?"

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, போடுங்க. நல்லா இல்லேன்னா துடைச்சிடுவேன், கோவிச்சுக்கக் கூடாது. உள்பக்கமா பூசுங்க, வெளிப்பக்கம் தினமும் தண்ணி அடிச்சுக் கழுவணும்."

இது சொதப்பினால் கோடு போடும் பேச்சையே இனி எடுக்க முடியாது என்று அண்ணிக்குத் தெரியும்.

வாளியில் உயிர் நண்டு ஒன்றை வைத்துக்கொண்டு பெரிய தாளில் வரைந்தாள். முதலில் ஓடு, கவிழ்த்த தட்டு மாதிரி அகலமாக, முன் விளிம்பில் ரம்பப் பல்லோடு. நடுவில் காம்பு வைத்த இரண்டு கண். கொடுக்கு இரண்டில் ஒன்று சற்றுப் பெரிசு. பக்கத்துக்கு நாலு கால், அதில் கடைசிக் கால் மட்டும் துடுப்பு போலத் தட்டை.

"முட்டி வெளிப்பக்கம் வரணும். அடியே, அது நண்டா, சிலந்தியா?" என்று நாற்காலியிலிருந்து தொணதொணத்தார் அவர். "சிவப்பை எடு."

"சிவப்பு வெந்த நண்டுக்கு. இது என் விரலைக் குறி பார்க்குது," என்று பாசிப்பச்சையைக் கலந்தாள்.

தாளைக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டி, உள்ளே நின்று கோட்டைப் பார்த்துப் பார்த்துப் பூசினாள். முதலில் நண்டின் உடம்பெல்லாம் பச்சை. அதன்மேல் கறுப்புக் கோடு, வெள்ளைப் புள்ளி, கண்ணில் ஒரு மினுக்கு.

"பரவாயில்லையே!" என்றார் அவர்.

வெளியே தங்கை தாளைக் கிழித்தாள். பிறகு கண்ணாடியைத் தட்டினாள். "அண்ணி, கால் முளைச்ச பூசணிக்காயையா போட்டீங்க?"

இருவரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். கண் இல்லை, கோடு இல்லை. பச்சையாக ஒரு மொத்தை. சுவரில் கடைசியாகப் பூசியதுதான் முகம். கண்ணாடியில் உள்ளிருந்து பூசினால், முதலில் பூசியதுதானே தெருவுக்குத் தெரியும்? சுவரிலேயே பழகிய இரண்டு பேருக்கும் அது உறைக்கவே இல்லை.

"துடைச்சிடும்மா," என்றார் அவர் தங்கையிடம், குரல் இறங்கி.

அண்ணிக்குக் கண் கலங்கியது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. கொண்டை ஊசியை உருவினாள். "இருங்க, ஈரம் இன்னும் காயல."

உள்ளே போய் ஈரப் பச்சையை ஊசியால் கீறினாள். கீறல் கண்ணாடியைத் தொட்ட இடமெல்லாம் வெளியே கோடாகத் தெரிந்தது.

"இன்னும் மேல அண்ணி! ஐயோ, அது கால், அதை விடுங்க!" என்று வெளியிலிருந்து கத்தினாள் தங்கை.

துணி சுற்றிய விரலால் அண்ணி கண்ணையும் புள்ளிகளையும் ஒற்றி எடுத்தாள். காய்ந்த பிறகு கீறலுக்குப் பின்னால் கறுப்பு, புள்ளிக்குப் பின்னால் வெள்ளை. கண்ணில் மட்டும் முதலில் மினுக்கை வைத்து, அப்புறம்தான் கறுப்பு.

சாயங்காலம் மூவரும் தெருவில் நின்று பார்த்தார்கள். ஒரு கால் கொஞ்சம் கோணல்தான். ஆனால் பிரஷ்ஷில் வராத சொரசொரப்பு அந்த ஓட்டில் வந்திருந்தது.

"துடைக்க மாட்டேன்," என்றாள் தங்கை. "பக்கத்து ஜன்னல் சும்மாத்தானே கிடக்கு. அதுல ஒரு இறால் போடறீங்களா அண்ணி?"

அவர் இடது கையால் டப்பாவைத் திறக்க முயன்றுகொண்டிருந்தார். "இறாலுக்கு என்ன நிறம் கலக்கட்டும்?"

"கோடு போட்டுட்டுச் சொல்றேன்," என்றாள் அவள்.