அரை ஜாக்கெட் துணி

கடைசியாக அவர் கேட்டது தண்ணீர் பாட்டிலை. "பாட்டில் எங்க?" என்று வாசலில் ஷூ மாட்டியபடியே குரல் கொடுத்தார்.

"உங்க கால்கிட்டதான் இருக்கு," என்றாள் அவள், அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே.

குனிந்து பார்த்து, "அட, இங்கயேவா இருந்துச்சு," என்று எடுத்துக்கொண்டு படியிறங்கினார். வீடு மாறுவதற்காகக் கட்டி வைத்த பெட்டிகள் நடக்க இடமில்லாமல் அடைத்துக்கொண்டு நின்றன. உள்ளே இருப்பது என்னவென்று எழுதச் சொல்லி முந்தின நாள் மார்க்கரை அவரிடம் கொடுத்திருந்தாள். அவர் எல்லாப் பெட்டிகளிலும் 'முக்கியம்' என்று எழுதி வைத்திருந்தார்.

அன்று மதியம் பணிமனையில் பஸ்ஸைக் கோட்டுக்குள் நேராக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, இருக்கையிலேயே சாய்ந்துவிட்டார். வலிக்கிறது என்று சொல்லக்கூட அவகாசம் கிடைக்கவில்லையாம். அவ்வளவு நேராக அந்த பஸ்ஸை யாரும் நிறுத்தியதில்லை என்று உடன் வேலை செய்தவர்கள் வந்து சொன்னார்கள். அதைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே, அது போதும்.

ஆனால் வீடு வாங்கிய கதை அப்படித் தொடங்கவில்லை. அது முழுக்கக் கூத்தும் கும்மாளமுமாகத்தான் தொடங்கியது.

பிழைக்க வந்த அந்த வெளிநாட்டு நகரத்தில் அவர் டவுன் பஸ் ஓட்டினார். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் 'டிரைவர்'. அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. உலர்ந்தும் உலராமலும் வரும் போர்வை விரிப்புகளை எதிரும் புதிருமாக இரண்டு பேர் பிடித்து, சுருக்கம் நீவி, சூடான உருளைக்குள் விட வேண்டும். அந்த நாட்டுப் பஸ்களில் கண்டக்டரே கிடையாது. அந்தக் குறையை டிரைவர் வீட்டில் தீர்த்துக்கொண்டார். அவளுக்குக் 'கண்டக்டர்' என்று பெயர் வைத்தார். சட்டை எடுப்பதானாலும் சரி, விருந்துக்குப் போவதானாலும் சரி, அவள் பஸ்ஸைத் தட்டுவது போலச் சுவரை இரண்டு தட்டுத் தட்டி "போலாம் ரைட்" என்று சொன்னால்தான் வண்டி நகரும்.

அவர்கள் வாடகைக்கு இருந்த மாடிக்குக் கீழே வீட்டுக்காரர் குடியிருந்தார். மிக்சியைப் போட்டால் போதும், கீழிருந்து துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். அவள் தேங்காய்ச் சில்லைப் போட்டு ஒரு சுற்று விடுவாள், இடி விழும், நிறுத்துவாள். மறுபடி ஒரு சுற்று, மறுபடி இடி. "நீ அரைக்கிற, அவர் தாளம் போடுறாரு. கச்சேரிக்கு டிக்கெட் போட்டுடலாம்," என்பார் டிரைவர்.

"இஷ்டத்துக்கு மிக்சி ஓட்டுற மாதிரி சொந்தமா ஒரு வீடு வேணும். எனக்கு அது போதும்," என்றாள் ஒருநாள். அதே வாரம் ஒரு பட்டுப்புடவையும் வாங்கிவிட்டாள்.

"இது எதுக்கு?"

"புது வீட்டுக்குப் போறப்ப கட்ட."

"வீடு எங்கம்மா?"

"வீடு வரும். தள்ளுபடி நிக்குமா?"

அதன்பின் வீடு பார்க்கக் கிளம்பினார்கள். டிரைவருக்கு எந்த இடத்தைப் பார்த்தாலும் அதில் பஸ் போகுமா என்றுதான் யோசனை ஓடும். ஒற்றைக் கண்ணை மூடி நடைவழியை அளப்பார். "ரெண்டு விரல் விட்டு ஓட்டிடுவேன். கண்ணாடியை மட்டும் மடக்கணும்." ஒரு வீட்டுக் குளியலறையைப் பார்த்துவிட்டு, "இதுல முதுகுக்கு சோப்பு போடணும்னா முதுகை வெளிய வச்சுட்டுத்தான் போடணும்," என்றார். இன்னொரு வீட்டில் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டு அடுப்பு. "அங்க பால் பொங்குனா படுத்தபடியே அணைச்சு விட்டுடலாம், கண்டக்டர்." தரகர் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. இந்தத் தம்பதி எந்த வீட்டைப் பார்த்தாலும் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

மூன்றாவது மாடியிலிருந்த அந்தக் குடியிருப்பைப் பார்க்கப் போன நாளில், வழியில் தையல்காரம்மா வீட்டில் ஏறிப் புடவையையும் தைத்த ஜாக்கெட்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வீடு வாங்க நினைப்பவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று அறிவித்திருந்த நாள் அது. இவர்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்கள். கால் தன்னால் வாசலில் நின்றது. இருவரும் செருப்பையும் ஷூவையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். இங்கே இப்படித்தான் போலிருக்கிறது என்று அவர்களும் கழற்றினார்கள். சற்று நேரத்தில் வாசலில் கல்யாண மண்டபம் போல ஷூக்கள் குவிந்துவிட்டன. அதோடு, வெறுங்காலோடு கூடத்தின் நடுவே சாவகாசமாக நின்ற இவர்கள் இருவரையும் எல்லோரும் வீட்டுச் சொந்தக்காரர்கள் என்றே எடுத்துக்கொண்டார்கள். டிரைவரும் சும்மா இருக்கவில்லை. வந்தவர்களை எதிர்கொண்டு தலையசைத்து, சமையலறைக்கு வழிகாட்டி, ஒரு கர்ப்பிணிக்கு நாற்காலியும் எடுத்துப் போட்டார்.

"என்னங்க, நம்ம வீடு மாதிரி உபசாரம் பண்றீங்க."

"நம்ம வீடுதானே."

உயரமான ஒருவர் அவரிடம் வந்து, குளிர்காலத்தில் வீடு எப்படி இருக்கும் என்று விசாரித்தார். டிரைவர் மனதில் பட்டதைப் பட்டென்று அந்த ஊர் மொழியில் சொன்னார்: "அது எங்களுக்குத் தெரியாது. நாங்களே இப்பதான் வாங்கியிருக்கோம்."

அவருடைய இலக்கணத்தில் அன்று எதிர்காலம் கடந்துவிட்டது. உயரமானவர் முகம் தொங்கிப்போய் மனைவியிடம் சொன்னார். அவர் இன்னொருவரிடம் சொன்னார். ஒவ்வொருவராக வாசலில் குனிந்து ஷூ தேடத் தொடங்கினார்கள். போனில் பேசிவிட்டுத் தரகர் பெண்மணி திரும்பி வந்தபோது கூடம் காலி. வாசலில் இரண்டு ஜோடிதான் மிச்சம். அதில் டிரைவருடையது என்று கிடந்தது அவருடைய ஷூவே இல்லை, அதைவிட நல்லது.

"ஏங்க, என்ன சொல்லித் தொலைச்சீங்க அவங்ககிட்ட?"

"உண்மையைத்தான் சொன்னேன். கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிட்டேன்."

தரகர் பெண்மணி விலைப்பட்டியலை எடுத்துவரக் காருக்குப் போனாள். அந்த இடைவெளியில்தான் டிரைவருக்கு சோபா ஞாபகம் வந்தது. பஸ் போகும் வழியில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் நாலு பேர் உட்காரும் சோபா ஒன்று இருந்தது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அதைப் பார்த்து ஏங்குவார். நாள் முழுக்க மடக்கி வைத்த காலை முழுசாக நீட்டிப் படுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. நீளம் சொன்னால் அளவுக்குச் செய்து தருவார்கள். அதை வைக்க அங்கே ஒரே சுவர்தான் தோதாக இருந்தது, மூலையிலிருந்து பால்கனிக் கதவு வரை. எதிர்ச்சுவரில் ஹீட்டர், மற்றதில் சமையலறை வாசல்.

"அளக்க டேப் இல்லையே," என்றாள்.

"என் கண்ணுக்கு எதுக்கு டேப்? உனக்கு சந்தேகம்னா அந்தப் புடவையை எடு. கடைக்காரன் அட்டையிலேயே நீளம் போட்டிருந்தான், எனக்கு ஞாபகம் இருக்கு."

புடவையை இரண்டாக மடித்தார்கள். சலவைக்கூடத்தில் விரிப்பைப் பிடிப்பது போல அவள் ஒரு முனையை மூலையில் பிடிக்க, அவர் மறுமுனையோடு பின்னால் நடந்தார். முனை பால்கனிக் கதவின் சட்டத்தைத் தொட்டு நின்றது. ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

"பாத்தியா, வீடு நம்ம புடவைக்குன்னே கட்டியிருக்கான்." அட்டையில் இருந்த நீளத்தில் பாதியை மனக்கணக்காகப் போட்டார். "ரைட்டா, கண்டக்டர்?"

அவள் சுவரை இரண்டு தட்டுத் தட்டினாள். "போலாம் ரைட்."

போட்டிக்கு ஆள் இல்லாததால் சொன்ன விலைக்கே வீடு படிந்தது. சாவி வாங்கிய அன்று அவர்கள் முதலில் கொண்டுபோனது மிக்சியை. குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். சமையலறை மேடையில் வைத்து, உள்ளே ஒன்றும் போடாமல், கடைசி வேகத்தில் வைத்தார்கள். வெறும் வீட்டில் அது லாரி போல முழங்கியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். யாரும் இடிக்கவில்லை. மறுபடி போட்டார்கள். அப்போதும் இல்லை.

"கட்டை ஒடஞ்சிருக்குமோ," என்றார் டிரைவர். அவள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் அந்த முழக்கத்துக்கு இசைவாகக் கூடத்தில் ஒரு சுற்று ஆடியும் காட்டினார். நன்றாக ஆடினார் என்று சொல்ல முடியாது.

அடுத்த வாரம்தான் அந்தப் பாட்டில்.

அவள் 'அண்ணி' என்று கூப்பிடும் அவருடைய அக்கா வேறொரு நாட்டிலிருந்து வந்து இறங்கினார். அவளைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தபின், ஆக வேண்டியதைக் கையில் எடுத்தார். "தனியா இந்த ஊர்ல என்ன பண்ணப் போற? வீட்டை வித்துட்டு என்கூட வந்துடு. உன்னை நான் பாத்துக்கறேன்," என்றார். அன்பில் குறை சொல்ல முடியாது. அவர் பெயரில் காப்பீடு இருந்ததால் வீட்டுக் கடனைப் பற்றிய பயம் இல்லை. வைத்துக்கொள்வதா விடுவதா என்பதுதான் பாக்கி. இரண்டில் எது என்றாலும் அவளுக்கு ஒன்றாகவே இருந்தது. அண்ணி சொன்னபடி சரி என்றாள். பெட்டிகள் மட்டும் ஏற்பாட்டின்படி புது வீட்டுக்குப் போய்விட்டன.

விற்பனைக்குப் படம் எடுக்கத் தரகர் பெண்மணி வரும் நாளும், டிரைவர் அளவு சொல்லிச் செய்யக் கொடுத்திருந்த, திருப்பித் தர முடியாத அந்த சோபா வரும் நாளும் ஒன்றாக அமைந்தன. இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கி வந்து, மூலையில் ஒட்டித் தள்ளினார்கள். மறுமுனை கதவுச் சட்டத்தைத் தாண்டிக்கொண்டு போய் நின்றது. ஒருவன் பால்கனிக் கதவை உள்பக்கமாக இழுத்தான். பாதி திறந்து, சோபாவின் கையில் 'டொக்' என்று முட்டியது. ஆர்டர் சீட்டை எடுத்துக் காட்டினான். கடை செய்தது சரிதான். டிரைவர் சொன்ன அளவேதான்.

"அளவு தெரியாதவனா என் தம்பி?" என்றார் அண்ணி. "கண்ணால பாத்தே பஸ்ஸை ஊசி காதுல ஓட்டுவானே."

அவளுக்கும் புரியவில்லை. 'முக்கியம்' என்று எழுதிய பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கரண்டிகள், கம்பளி, பழைய ஸ்வெட்டர். நாலாவதில் புடவை இருந்தது. இரண்டாக மடித்து, ஒரு முனையை அண்ணியிடம் கொடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்தாள். அப்போதும் சட்டத்தைச் சரியாகத் தொட்டது. ஒரு நூல் கூடவில்லை.

புடவை வைத்திருந்த பையின் அடியிலிருந்து அந்த ஜாக்கெட் நழுவி விழுந்தது.

அவள் அதைப் பார்த்தாள். புடவையைப் பார்த்தாள். வயிற்றிலிருந்து எதுவோ குபுக்கென்று கிளம்பியது. அழுகை என்றுதான் நினைத்தாள்.

"அண்ணி, ஜாக்கெட் துணியை வெட்டினப்புறம் அளந்திருக்கோம்." சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு அடைத்தது. "அவர் கடை அட்டைக் கணக்கை வச்சு நீளம் சொல்லிட்டார். வெட்டக் கொடுத்தவ நான், முனையைப் பிடிச்சுட்டு நின்னதும் நான். ரைட்னு வேற தட்டினேன்."

அண்ணி சட்டத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த பாகத்தை உற்றுப் பார்த்தார். "அப்போ இது?"

"பாதியா மடிச்சோம் இல்ல? அரை ஜாக்கெட் துணி."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சோபாவில் சரிந்தார். கனத்த உடம்பு முழுக்கக் குலுங்கியது. சோபாக்காரர்கள் இருவரும், படம் எடுக்க வந்த தரகர் பெண்மணியும், துக்க வீட்டில் இரண்டு பெண்கள் ஒரு புடவையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதை வாசலில் நின்று பார்த்தார்கள்.

படம் எடுக்கலாமா என்று தரகர் பெண்மணி மெல்லக் கேட்டாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த ஊர் மொழியில் ஏதோ சொன்னாள். தரகர் பெண்மணி கேமராவைப் பைக்குள் வைத்தாள்.

"என்னடி சொன்ன?"

"விக்கலைன்னு சொன்னேன், அண்ணி."

"யோசிச்சுதான் சொல்றியா? தனியா இருப்பியா?"

"உங்க வீட்டுல வந்து எதைக் காட்டி இவரைக் கேலி பண்றது? தப்பை இங்கதானே பண்ணி வச்சுட்டுப் போயிருக்காரு."

அண்ணி புடவையை வாங்கி மடித்து வைத்துவிட்டு, மிக்சியில் போடத் தேங்காய் இருக்கிறதா என்று கேட்டார்.

அவள் சோபாவின் கையை இரண்டு தட்டுத் தட்டினாள். அது நகரவில்லை.

பால்கனிக் கதவு இன்றும் பாதிதான் திறக்கிறது.