தொடர்புகொள்ள இயலவில்லை

ஆணையத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'வகுத்தல்'. யார் எந்தச் சதவீதத்தைக் கொண்டுவந்து நீட்டினாலும் "எதால வகுத்தீங்க?" என்றுதான் முதலில் கேட்பாள். உயர்கல்வி ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வுப் பிரிவில் ஒன்பது வருஷமாக இதே கேள்வி, இதே நாற்காலி. பதவி உயர்வு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த முறை அவள் மேஜைக்கு வந்தது ஒரு பெரிய கல்லூரியின் கோப்பு. படிப்பு முடித்தவர்களில் தொண்ணூற்றாறு சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்களாம். இந்தக் கணக்கை ஏற்று ஆணையம் முதல் தரம் கொடுத்துவிட்டால் ஐந்து வருஷத்துக்கு எந்த ஆய்வுக்குழுவும் அந்த வாசலை மிதிக்க முடியாது. இஷ்டத்துக்கு இடங்களைக் கூட்டிக்கொள்ளலாம்.

படிப்பு முடித்தவர்கள் அறுநூற்று நாற்பது பேர். வகுத்திருந்ததோ நானூற்று இருபத்தெட்டால். மீதிப் பேர் எங்கே என்று தேடினால், இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் கடைசிப் பக்கங்களில், தொலைபேசி எண்களோடு, தனிப் பட்டியலாகக் கிடந்தார்கள். தலைப்பு: 'தொடர்புகொள்ள இயலவில்லை.' ஆணையத்தின் விதிப்படி அப்படிப்பட்டவர்களைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். அருமையான விதி. எழுதியவருக்குச் சிலை வைக்கலாம்.

பட்டியலில் எண்பத்தேழாவது பெயர் அவளுடைய சொந்தத் தங்கையுடையது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "ஏண்டி, உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உங்க காலேஜே ஓஞ்சு போச்சாம். நீ கிடைக்கவே இல்லையாம்."

சோபாவில் படுத்திருந்த தங்கை போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நானா? நான் எப்பக்கா போனைக் கீழ வச்சேன்?"

"குளிக்கப் போனாக்கூட அதுவும் கூடவே போகுது," என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.

விஷயம் புரிந்த பிறகுதான் தங்கை எழுந்து உட்கார்ந்தாள். "வேலை இல்லாதவங்கன்னு எழுதியிருந்தாக்கூடப் பரவால்லக்கா. கணக்குலயே இல்லன்னா, நாலு வருஷம் நான் அங்க படிச்சது பொய்யா?"

மறுநாள் காலை வகுத்தல் அந்தப் பட்டியலை மேஜைமேல் விரித்துவைத்தாள்.

மூன்று வாரம் வேறு வேலை தொடவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு எண்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். நூற்று எண்பத்தேழு பேர் எடுத்தார்கள். அவர்களில் நூற்று எழுபத்தொரு பேருக்கு வேலை இல்லை. தங்கை அந்தப் பட்டியலில் இருப்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதினாள். முடிவில் ஒரே ஒரு புதிய விதியைப் பரிந்துரைத்தாள்: கிடைக்கவில்லை என்று கல்லூரி சொல்லும் ஒவ்வொருவரையும் வேலையில்லாதவராகவே எண்ண வேண்டும்.

இயக்குநர் அறிக்கையைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "எல்லாம் சரிம்மா. கடைசியில 'மேலும் ஆராய வேண்டும்'னு ஒரு வரி போட்டு முடிச்சுடுங்களேன்."

அந்த வரியின் கீழ் எத்தனை அறிக்கைகள் அடக்கமாகியிருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். அவற்றில் மூன்று அவளுடையவை.

"ஆராய்ஞ்சாச்சு சார். இனிமே செய்யறதுதான் பாக்கி."

விசாரணை நாளன்று கல்லூரி முதல்வர் மூன்று உதவியாளர்களோடு வந்திருந்தார். பலமுறை அழைத்தோம், மின்னஞ்சல் அனுப்பினோம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று உருகினார். அப்புறம் மெதுவாக, "இந்த ஆய்வைச் செஞ்சவங்களோட தங்கச்சியே இதுல இருக்காங்க. அதையும் பாக்கணும்," என்றார்.

இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வகுத்தல் எழுந்தாள். "ஆமா, என் தங்கச்சிதான். அவ பேரை அடிச்சுடுங்க. மீதி இருநூத்திப் பதினோரு பேருக்கும் நான் அக்கா இல்லை."

ஆணையத் தலைவர் அதிகம் பேசாத அம்மாள். பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார், கண்ணில் பட்ட ஒரு பெயரில் விரலை வைத்தார், மேஜைத் தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு எண்களை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்தான் ஒருவன்.

"உங்க காலேஜ் விஷயமா பேசறேன்பா," என்றார் தலைவர்.

"மறுபடியுமா மேடம்? போன வாரம்தானே காலேஜ்லேர்ந்து கூப்பிட்டாங்க?"

முதல்வரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, கூப்பிட்டிருக்கோம்!"

"எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்றார் தலைவர்.

"எங்க வீட்ல யாராவது பிளஸ் டூ முடிச்சிருந்தா சேத்துவிடச் சொன்னாங்க மேடம். எனக்கே இன்னும் வேலை கிடைக்கலன்னு சொன்னேன். அது வேற டிபார்ட்மென்ட்னுட்டு வச்சுட்டாங்க."

முதல்வர் தண்ணீர் குடித்தார். "ஒருத்தரை வச்சு முடிவு பண்ணக் கூடாதுங்க," என்றார், மென்று விழுங்கி.

"நியாயம்," என்று தலைவர் தொலைபேசியை வகுத்தல் பக்கம் தள்ளினார்.

அவள் அடுத்த எண்ணை அழுத்தினாள். அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. ஏழாவது குரல் "ஹலோ" என்றபோது முதல்வர் கையெடுத்துக் கும்பிட்டார். "போதும்மா, விட்டுடுங்க."

தலைவர் பேனாவைத் திறந்து புதிய விதியின் கீழ் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் போதும் சார்," என்றாள் வகுத்தல். "லைன்ல இருக்கிறவரு இன்னும் பேசலையே."