குகைவாசி தேவை

“உங்க வீட்ல ஜன்னல் இருக்கா, ஷில்பா?” என்று ஒருநாள் லாவண்யா அக்கா கேட்டார்.

நான் அவர் வீட்டுப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் அறைக்குக் கதவு மட்டும்தான். இல்லை என்று தலையாட்டினேன். பழைய திரைச்சீலை ஏதாவது தரப்போகிறார் என்று நினைத்தேன். ஜன்னலே இல்லாதவளுக்குத் திரைச்சீலை எதற்கு என்பது அப்புறம்தான் உறைத்தது.

“அப்ப குகை உனக்குப் புதுசில்ல. ஞாயித்துக்கிழமை எங்களோட ராமநகரா மலைக்கு வா. பையும் குடையும் தூக்கணும்.”

அக்கா ஊர் சுற்றி வீடியோ போடுகிறவர். ‘மலைக்குள் வாழும் மனிதர்கள்’ வரப்போவதாக முந்தின வாரமே அறிவித்துவிட்டார். மனிதர்களைத்தான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

பாறைச்சரிவில் இறங்கி, பள்ளத்தைத் தாண்டி, மறுபக்கம் ஏறினோம். முதல் குகையில் நாய் குட்டி போட்டிருந்தது. இரண்டாவதில் பீர் பாட்டில்கள். அங்கே மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள், சனிக்கிழமை இரவு வரை. மூன்றாவது குகை பெரியது, கூரையெல்லாம் புகைக்கரி. வாசலில் லட்சுமம்மா என்ற அம்மாள் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார்.

“நீங்க இந்தக் குகையிலதான இருக்கீங்க?” அக்கா ஆசையாகக் கேட்டார்.

“நான் ஏம்மா குகையில இருக்கணும்? பிடதியில ரெண்டு மாடி வீடு. மேல வாடகைக்கு விட்டிருக்கேன். நீங்க சொந்த வீடா?”

அக்கா இருப்பது வாடகை வீடு. இரண்டு வெள்ளரிக்காய் வாங்கினார். பிறகு அவரும், கேமரா பிடிக்கும் அவர் கணவர் கவின் அண்ணனும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மூஞ்சி தெரியுமே அக்கா,” என்றேன்.

ஒன்பதாம் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னபோது எனக்குக் குரல் வரவில்லை. வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த வகுப்புப் பெண்கள் அக்காவின் வீடியோ ஒன்றைக்கூட விடுவதில்லை. இன்னொரு முறை சிரிக்க அவர்களுக்கு நானே விஷயம் கொடுக்க வேண்டுமா?

“தலையக் குனிஞ்சுக்கோடி, தெரியாது. முக்கியமா வாயத் திறக்காத. பேசினா ஈஜிபுரான்னு தெரிஞ்சிடும்.”

கார் துடைக்கும் போர்வையை என்மேல் போர்த்தினார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். முன்னால் மூன்று கல், மேலே லட்சுமம்மாவின் அலுமினியச் சட்டி.

“கொஞ்சம் சோகமா இரு.”

“இருக்கேன் அக்கா.”

“பேசாத!”

அப்போது ஒரு குடும்பம் மேலே ஏறி வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட அப்பா என்னைப் பார்த்ததும் மகளை முன்னால் இழுத்தார்.

“பாரு சுப்ரியா. ஸ்கூலுக்கு ஒழுங்கா போகலன்னா இப்படித்தான் குகையில உக்காரணும்.”

குழந்தை பயந்துபோய் அவர் காலைக் கட்டிக்கொண்டது. அக்காவுக்குக் கண் மின்னியது.

“சார், சூப்பர்! அத இன்னொரு வாட்டி சொல்றீங்களா? கவின், எடு!”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டையைச் சரிசெய்து, இன்னும் சத்தமாகச் சொன்னார்.

நான் போர்வையை உதறி எழுந்தேன். உள்ளே தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் சுடிதார். தலையை நிமிர்த்திக் கேமராவை நேராகப் பார்த்தேன். அந்தப் பெண்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

“ஏய், எங்கடி போற? ஏதாவது சொல்லிட்டாவது போ!”

“நீதான பேசக்கூடாதுன்ன,” என்றார் கவின் அண்ணன், கேமராவை நிறுத்தாமல்.

பையும் குடையும் பாறைமேல் கிடந்தன. அவற்றைத் தாண்டி, வாயைத் திறக்காமல், பஸ் வரும் சாலையைப் பார்த்து இறங்கினேன்.