லோம்பே வைத்த தீ

1.

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. எங்கள் தலைநகர் லுசாகாவில் ஒரு விருந்தில், "உங்க ஆளுங்க காட்டைக் கொளுத்திட்டு அப்புறம் அதுலயே புழு தேடுவாங்களாமே" என்று ஒருவர் சிரித்தார். "என் சின்னம்மா தீ வச்சா பூச்சி திரும்பி வரும். நீங்க வச்சா வருமா?" என்றேன். சொல்லியாயிற்று, இனி எழுதித்தான் காட்ட வேண்டும்.

2.

முதல் வரி: கரிந்த புல்வெளியில் மயான அமைதி—

வேண்டாம். நகரத்துக்காரன் வரி அது. எங்கள் மலையில் தீ அணைவதற்குள் கரிச்சான் குருவிகள் கூச்சலோடு வந்துவிடும், தப்பி ஓடும் பூச்சிகளைப் பிடிக்க. மறுபடி:

லோம்பே புல்லை முறுக்கிப் பார்த்தாள். பாதி ஒடிந்தது, பாதி வளைந்தது.

இது சரி. அப்படி இருந்தால் தீ வைக்கலாம் என்று அர்த்தம். லோம்பே என் சின்னம்மா, ஆட்டுக் குலத்துக்காரி. எங்கள் மலைக்குத் தீ வைக்கும் உரிமை அவளுடையது. குளிர்காலத்தில் புல்லில் ஈரம் மிச்சமிருக்கும்போதே வைத்துவிட வேண்டும். அப்போது தீ முழங்காலுக்கு மேல் எழாது. மரத்தின் இலை தப்பும், மண்ணுக்குள் உறங்கும் கூட்டுப்புழுவும் தப்பும். மழை விழுந்ததும் அது அந்துப்பூச்சியாக வெளியே வந்து இலையில் முட்டையிடும். அதில் வருகிற மும்பா புழுதான் எங்கள் சோளக்களிக்குத் தொடுகறி, சந்தையில் எங்கள் மானம். புழு குறைந்தால் ஊர்த் தலைவர் தீயை வேறு கைக்கு மாற்றிவிடுவார்.

3.

[எங்கள் ஊர்க் கபிங்காவை முதலில் வில்லனாக எழுதி அடித்துவிட்டேன். பொருந்தவில்லை.]

அவன் சிறுத்தைக் குலம். எங்கள் வழக்கப்படி ஆட்டுக் குலத்துக்கும் சிறுத்தைக் குலத்துக்கும் இடையே எந்தக் கேலியும் பேசலாம், சாவு வீட்டில்கூட. கோபப்படத்தான் கூடாது.

"ஏ ஆட்டுக்காரி, மேக்குச் சரிவுல இன்னைக்கு வைக்காத. அங்க புல்லு நல்லாக் காஞ்சிருச்சு. காத்து வேற திரும்புது."

"சிறுத்தைக்கு எப்பவும் ஆட்டு மேல அக்கறைதான்."

"நெசமாத்தான் சொல்றேன்."

"போன வருசம் என்னைக் கட்டிக்கிறேன்னு சொன்னதும் நெசமாத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். லோம்பே மேற்கிலும் தீ வைத்தாள். காற்று திரும்பியது. தீ மரத்தின் உச்சிவரை ஏறியது. பச்சைக் கிளையால் அதை அடித்து அணைத்தவர்களில் கபிங்காதான் முன்னால் நின்றான், புருவம் பொசுங்கிப்போய். அன்று அவன் ஒரு கேலிகூடப் பேசவில்லை. அப்போதுதான் அவன் சொன்னது நிஜம் என்று அவளுக்கு உறைத்தது.

4.

[கதையை நிறுத்திவிட்டு என் மலையைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.]

முதலில் எறும்பு. சாம்பல் ஆறுவதற்குள் வளையைத் திறந்து, உள்ளே விழுந்த கரியை வெளியே தள்ளும், வாசல் பெருக்குகிற மாதிரி. புதுப் புல் தலைகாட்டியதும் வெட்டுக்கிளி வரும், அதுவும் கரி நிறத்தில். கரிந்த தரையில் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது. பிறகு மரம் பூக்கும், தேனீ வரும். எரிந்த இடத்துக்கு எங்களைவிட முந்திக்கொண்டு வருகிறவை இவை. எனக்கு இதில் எவ்வளவு பெருமை என்றால், விருந்தில் சொன்னது போதாது என்றே தோன்றுகிறது.

ஆனால் மும்பா கடைசியில்தான் வரும். அது வருமா என்று தெரிய சின்னம்மா மழைவரை காத்திருக்க வேண்டும்.

5.

மழை வந்தது. கிழக்கே கிளை வளையும்படி புழு. மேற்கே பொசுங்கிய மரங்கள் தாமதமாகத் துளிர்த்தன. எங்கோ ஓர் இலையில் ஒன்றிரண்டு. தலைவரின் ஆள் வந்து பார்த்தார்.

"இங்க என்னாச்சு?" என்று கபிங்காவிடம் கேட்டார்.

"ஆட்டுக்காரி வச்ச தீதான். சொல்லச் சொல்லக் கேக்கல. பாதி மலையத் தின்னுட்டு ஏப்பம் விட்டா."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். "சிறுத்தை ஆட்டைச் சொல்றது கேலி, அத விடுங்க. மழை பிந்துனதுதான் காரணம்னு தலைவர்கிட்ட சொல்லிடறேன்."

கபிங்கா அவளைக் காட்டிக்கொடுத்தானா, காப்பாற்றினானா? எழுதுகிற எனக்கே தெரியவில்லை.

6.

முடிவு (அ): லோம்பே வாயைத் திறக்கவில்லை. தீ அவளிடமே—

இதைக் கிழித்துவிட்டேன். என் சின்னம்மாவை உங்களுக்குத் தெரியாது.

முடிவு (ஆ): "சிறுத்தை இந்தத் தடவை விளையாடல," என்றாள் லோம்பே. "நெசந்தான். அன்னைக்கும் நெசத்தைத்தான் சொன்னான். நான்தான் சிரிச்சேன்."

தலைவரின் ஆள் சிரிப்பை நிறுத்தினார். "அப்ப அடுத்த வருசம் தீ யார் கையில?"

லோம்பே தலை குனியவில்லை. நானும் அவள் பிறந்த வயிற்றின் வழி வந்தவன், இதைச் சொல்லிக்கொள்வேன்.

"சோலாம்மா கையிலயே இருக்கட்டும்," என்றான் கபிங்கா.

அவளை அவன் அதுவரை ஆட்டுக்காரி என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். மகள் சோலாவின் பெயரைச் சொல்லி, ஊரார் கூப்பிடுவதுபோல மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. இது கேலியா, நிஜமா? கேலி என்றால் தீ அவளை விட்டுப் போகும், நிஜம் என்றால் நிற்கும். தலைவரின் ஆள் அவன் முகத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அந்த முகத்தை நான் எழுதப்போவதில்லை. புருவம் இன்னும் முழுசாக முளைக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், சிரிக்கிறானா?