செவலை குரைத்த நாட்கள்

நாற்றுமுடியைப் பிரித்துக்கொண்டு குனிந்தாள் அம்சம். தொப்புளைச் சுற்றி மூன்று ஊசி போட்ட இடம் கல்லாய் இறுகிக் கிடந்தது. குனிந்தால்தான் நடவு, குனிந்தால்தான் வலி. இந்த ஊசியைக் கண்டுபிடித்த புண்ணியவான் ஒரு நாள் சேற்றில் நின்று பார்த்திருக்கணும்!

பண்ணையாரின் செவலை நாய், களத்துமேட்டில் அவள் கெண்டைக்காலைக் கவ்வி நாலு நாளாகிறது. மாயவரம் ஆஸ்பத்திரியில், தினம் ஒன்றாகப் பதினாலு ஊசி என்றார்கள்.

"நாய் பத்து நாள் நல்லா இருந்தா மிச்ச ஊசி வேணாம்மா. செத்துச்சுன்னா நடுவுல விடவே கூடாது. கண்ணால பாத்துட்டுச் சொல்லு" என்றார் கம்பவுண்டர்.

போய்வந்ததில் மூன்று நாள் வேலை போச்சு. நேற்று சாயங்காலம் பண்ணைக் காரியக்காரர் துரைராசு குடிசை வாசலுக்கே வந்துவிட்டார்.

"நாய் குண்டுக்கல்லாட்டம் இருக்கு. நாளைக்கும் நீ வரலன்னா வெளியூர் ஆள எறக்கிடுவேன். ஒங்க சங்கம் வந்து நட்டுக் குடுக்குமா?"

வெளியாள் இறங்கக் கூடாதென்றுதான் போன வருஷம் சங்கம் கொடி பிடித்தது. அதில் அம்சத்தின் அண்ணன் இன்னும் ஜெயிலில் இருக்கிறான். தன்னால் வெளியாள் இறங்கினால் ஊர் முகத்தில் எப்படி விழிப்பது?

அப்போதே அவள் புருஷன் வீரையன் நாயைப் பார்த்துவரப் போனான். பண்ணை வீட்டுக் கொல்லையில் வைக்கோல்போர் வரைதான் அவர்கள் கால் படலாம். அங்கேயே நின்று காதைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

"என்னமா கொரைக்குது! சாவப்போற நாயா இப்படிக் கொரைக்கும்?"

அம்சத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"பதினாலும் போட்டா புள்ளையே தங்காதாம்டி" என்றாள் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த காளியம்மாள். "கருவாடு வேற ஆகாதாம்."

"கருவாடு இல்லாம கஞ்சி எப்படிக்கா எறங்கும்?" அம்சம் சிரித்தாள். நாலாவது ஊசிக்கு அவள் போகவில்லை.

தினமும் காலையில் குரைப்பு கேட்ட பிறகுதான் சேற்றில் கையை வைப்பாள். வாய்க்கால் கரையில் டவுன் டாக்டரின் கார் தினமும் பண்ணை வீட்டுக்குப் போனது. பண்ணையாருக்குச் சர்க்கரையாம் என்றார்கள்.

கடிபட்ட பன்னிரண்டாம் நாள் நடவு முடிந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் நடவுப் பெண்கள் வைக்கோல்போரைத் தாண்டிக் கிணற்றடி வரை போகலாம். குலவை போட்டால் வெற்றிலையும் தலைக்கு எண்ணெயும் கிடைக்கும்.

கிணற்றடியில் சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்தது ஒரு கறுப்பு நாய்.

"செவலை எங்கங்க ஐயா?"

"அது செத்து ஒம்பது நாளாச்சு" என்றார் துரைராசு, வெற்றிலையைத் துடைத்தபடி. "சொன்னா நடவுக்கு வந்திருப்பியா? சின்ன ஐயாவையும்ல கடிச்சிருச்சு. டாக்டரு வீட்டுக்கே வந்து ஊசி போட்டுட்டுப் போறாரு."

சலவைக்கல்லோரம் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் கிடந்தன. கம்பவுண்டர் உடைத்த அதே குப்பிகள்.

"என்னடி பாத்துக்கிட்டு? கொலவையப் போடுங்க, ஐயா காதுல விழணும்" என்று அதட்டினார் துரைராசு.

குலவை எழுந்தது. அம்சத்துக்கு நாக்குப் புரளவில்லை. கை தானாக வயிற்றுக்குப் போனது. கல்லாய் இறுகியிருந்த இடம் வலியே இல்லாமல் மெத்தென்று இருந்தது.