குருவம்மா போன இடம்

குருவம்மா என்பது ஒரு பித்தளை அண்டா. என் அம்மாவின் கல்யாணச் சீரில் வந்தது. கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ‘குருவம்மாள்’ என்று அவள் பேர் வெட்டியிருக்கும். நானூறு பேருக்குச் சாம்பார் பிடிக்கும். மடவார் வளாகம் தெருவில் இருக்கும் எங்கள் வாடகைப் பாத்திரக் கடையில் மற்ற அண்டாக்களுக்கெல்லாம் எண்தான். அதற்கு மட்டும் பேர். சமையல்காரர்கள் போனில் கூப்பிட்டு, “அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை குருவம்மா சும்மா இருக்காளா?” என்று கேட்பார்கள்.

எந்தப் பாத்திரம் எந்த வீட்டுக்குப் போயிருக்கிறது என்பதை நான் ஒரு நோட்டில் எழுதிவந்தேன். என் கையெழுத்து எனக்கே புரியாது. கல்யாணம் ஆன புதிதில் அதைப் பொறுத்துக்கொண்ட என் மனைவி சிவரஞ்சனி, பிறகு ஒரு நாள் பொறுக்க முடியாமல் கடைக்கு ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் ராஜபாளையத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டீச்சர். கடைக்கான புரோகிராமை அவளே எழுதினாள்.

“பேங்குக்கு இருக்கிற மாதிரி பெரிய டேட்டாபேஸ் நமக்கு எதுக்கு?” என்றாள். “சர்வர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். லைப்ரரின்னு, யாரோ எழுதி வச்ச குட்டிப் புரோகிராம் ஒண்ணு இருக்கு. அதைப் புரோகிராமோட சேத்துட்டா, நம்ம கடை மொத்தமும் ஒரே ஃபைலுக்குள்ள அடங்கிரும். கடை தீப்பிடிச்சா அந்த ஒரு ஃபைலை எடுத்துட்டு ஓடியாந்துருங்க.”

“உன்னை?”

“நான் மொதல்லயே தெருவுக்கு வந்துருப்பேன்.”

காலையில் கடையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், லீவு நாளில் முழுநேரமும் அவளே பதிந்தாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் வைத்திருந்தாள். அதில் அவள் இஷ்டத்துக்கு எழுதுவாள். ‘தாம்பாளம் நெளிந்து வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் உட்கார்ந்தாராம்.’ ‘கரண்டி இரண்டு குறைவு. கேட்டால் முறைக்கிறார்கள்.’ பதினோரு வருஷத்தில் அவள் பதிவில் ஒரு கரண்டிகூட இடம் மாறியதில்லை.

வைகாசி மாதக் கடைசியில், ஒரு லீவு நாள் மத்தியானம், கடையில் உட்கார்ந்திருந்தவள் நெஞ்சு அடைக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வராது. குருவம்மாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆனி மாதம் கடையைத் திறக்கவில்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆடி கடைசியில் திறந்து பார்த்தபோது பழைய கம்ப்யூட்டரின் திரை விட்டு விட்டு எரிந்தது. ராஜபாளையத்தில் ஒரு பழைய லேப்டாப் வாங்கி, கடைக்காரரைக் கொண்டே புரோகிராமை அதில் போட்டுக்கொண்டேன். அவள் சொன்ன ஃபைலை மட்டும் நானே பென்டிரைவில் எடுத்துவந்தேன். அதே பேரில், வால் முளைத்த மாதிரி இன்னும் இரண்டு சின்ன ஃபைல்கள் பக்கத்தில் கிடந்தன. ஏதோ கழிவு என்று விட்டுவிட்டேன். ஒரே ஃபைல் என்றுதானே சொல்லியிருந்தாள்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். சமையல் தங்கப்பாண்டியன். வெள்ளிக்கிழமை காலையில் வந்தான்.

“அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை. எண்ணூறு இலை. குருவம்மா வேணும்.”

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். குருவம்மா: கடையில் இருக்கிறது. நான் பெருமையாக உள்ளே கையைக் காட்டினேன். அவன் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வெறும் கையோடு வந்தான்.

“எங்க இருக்கா? கொட்டாங்கச்சிக்குப் பின்னால ஒளிஞ்சிருக்காளா?”

இருவருமாகத் தேடினோம். ஜமுக்காளங்களைப் புரட்டினோம். அது ஒளிய முடிகிற அளவும் இல்லை. தங்கப்பாண்டியன் கதவில் சாய்ந்துகொண்டு, நல்ல எண்ணத்தில்தான் அதைச் சொன்னான்.

“விடுங்க. மதினிக்குக் கடைசி நேரத்துல உடம்பு முடியாம இருந்திருக்கும். பதிய மறந்திருப்பாவ.”

“அவ மறக்க மாட்டா.”

“மனுசப் பிறவிதான அண்ணாச்சி.”

“அவ மறக்க மாட்டாடா. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள குருவம்மா உன் அடுப்புல இருப்பா.”

அவன் போன பிறகு லேப்டாப்பில் அந்த வரியை மறுபடி பார்த்தேன். அண்டா கிடைக்காவிட்டால் இன்னொரு கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாம். அது பெரிய காரியம் இல்லை. ஆனால் அவள் கடைசியாகச் செய்த வேலை பிழை என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும். தங்கப்பாண்டியன் வாய் அப்படி. அதைவிட, நானும் அதை நம்பிவிடுவேன்.

விஜிக்குப் போன் போட்டேன். சிவரஞ்சனியிடம் படித்தவள். இப்போது ஒரு நூல் மில் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள். பிறகு நான் ஓரமாக மூடி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“இதைக் கடைசியா எப்படி ஆஃப் பண்ணீங்க?”

யோசித்தேன். “அன்னிக்கு மெயினை ஆஃப் பண்ணிட்டு ஓடுனேன்.”

“புரோகிராம் தொறந்தே கெடந்துச்சா?”

“அவ பதிஞ்சுக்கிட்டுல்லா இருந்தா.”

விஜி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பழைய கம்ப்யூட்டரைப் போட்டாள். விசிறி கரகரவென்று சத்தம் போட்டது. விட்டு விட்டு எரிந்த திரையில், நான் கழிவு என்று விட்ட ஃபைல்களைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அண்ணாச்சி, இதுங்கள ஏன் விட்டீங்க?”

“ஒரே ஃபைல்னுதான சொன்னா.”

“புரோகிராமை மூடுனாத்தான் ஒரே ஃபைல். தொறந்திருக்கும்போது நாம பதியிறது நேரா பெரிய ஃபைலுக்குப் போகாது. மொதல்ல இந்தக் குட்டி ஃபைல்ல எழுதிக்கும். பொறவு ஒழுங்கா மூடும்போது அம்புட்டையும் பெரியதுல சேத்துட்டுக் குட்டியை அழிச்சிரும். நடுவுல கரண்டு போனாலும் எழுதுனது தொலையக் கூடாதுன்னு அப்படி ஒரு ஏற்பாடு. மேடம் இதை எங்களுக்கு ரெண்டு கிளாஸ் எடுத்தாங்க.”

“எனக்கு ஒரு கிளாஸ்கூட எடுக்கல.”

“உங்களுக்கு எடுத்திருந்தா தூங்கியிருப்பீங்க. லேப்டாப்புல புதுசா எதையாவது பதிஞ்சீங்களா?”

“இல்ல.”

“நல்ல வேளை.”

மூன்று ஃபைல்களையும் சேர்த்து லேப்டாப்பில் போட்டுப் புரோகிராமைத் திறந்தாள். பட்டியலின் அடியில் நான் பார்த்திராத மூன்று வரிகள் வந்து நின்றன. அன்றைக்குக் காலையில் பதிந்தவை. திரும்பி வந்த இட்லிக் கொப்பரை ஒன்று. ஜமுக்காளம் நான்கு. கடைசியாகக் குருவம்மா.

விஜி வாய்விட்டு வாசித்தாள். “குருவம்மா. குருசாமி, மம்சாபுரம், கோயில் கொடை விழாவுக்கு. குறிப்பு...” நிறுத்திவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

‘வண்டியில் தூக்கி ஏற்றியது இவர்தான். நாளைக்கு என்னிடம் வந்து குருவம்மா எங்கே என்று கேட்பார்.’

நான் அதை இரண்டு தடவை படித்தேன். நான் அண்டாவைத் தூக்கியது எனக்கு நினைவிலேயே இல்லை. அந்த நாளின் காலை முழுவதும் என் தலையிலிருந்து போய்விட்டிருந்தது. அது எங்கேயாவது மிச்சம் இருக்கும் என்றே நான் நினைத்ததில்லை. பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. விஜியும் சிரித்தாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

“நான் மூடல அண்ணாச்சி,” என்று எழுந்தாள். “அண்டா வந்தப்பொறவு நீங்களே பதிஞ்சு நீங்களே மூடுங்க. மெயினை மட்டும் தொடாதீங்க.”

சனிக்கிழமை காலையில் லோடு ஆட்டோ பிடித்து மம்சாபுரம் போனேன். குருசாமி வீட்டுக் கூடத்தில், புதுப் பாயின் மேல், குருவம்மா பளபளவென்று உட்கார்ந்திருந்தாள்.

“ஏன்யா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிச் சொல்ல?” என்றான் குருசாமி. “துட்டி வீட்டு வாசல்ல போயி ‘இந்தாங்க உங்க அண்டா’ன்னு எறக்கி வச்சுட்டு வர முடியுமா? பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். அப்பவும் வாய் வரல. நீங்களா கேக்கட்டும்னு இருந்துட்டோம். எம் பொண்டாட்டி வாரா வாரம் புளி போட்டுத் தேச்சு வைக்கா.”

“நான் தூக்குனதே எனக்கு ஞாபகம் இல்ல குருசாமி.”

“ஒரு காதை நான் புடிச்சேன், ஒரு காதை நீங்க புடிச்சீங்க. மதினி உள்ள இருந்தே, ‘அவருக்கு இடுப்பு புடிச்சுக்கிரும், பாத்து’ன்னாவ. நீங்க, ‘சும்மா இருடீ’ன்னிய.”

அப்படியா சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு அதெல்லாம் பழக்கம்தான்.

வெறும் அண்டாவைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று குருசாமியின் மனைவி அதில் இருபது தேங்காயைப் போட்டாள். ஒரு காதை அவன் பிடிக்க, ஒரு காதை நான் பிடித்தேன். தேங்காயோடு சேர்ந்து குருவம்மா நல்ல கனம்.

ராஜபாளையத்து மண்டபத்தின் பின்பக்கம் வண்டி நின்றதும் தங்கப்பாண்டியன் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். நான் நடந்ததைச் சொன்னேன். அவன் பேர் வெட்டிய இடத்தைக் கையால் தடவிக்கொண்டே கேட்டான். கடைசியில், “மதினிகிட்ட நான் தப்பாப் பேசிட்டேன்,” என்றான். “அந்தக் குறிப்புன்னு சொன்னீகள்ல, அதுல ஒரு வரி போட்டு விடுங்க.”

“அவளுக்குப் போன்ல மெசேஜ் போடச் சொல்லுத மாதிரில்லா சொல்லுத?”

“போடுங்க அண்ணாச்சி. அவிய பாக்காட்டியும் கணக்குல இருக்கட்டும்.”

திங்கட்கிழமை குருவம்மா கடைக்குத் திரும்பினாள். ஒற்றை விரலால் தட்டித் தட்டி நான் பதிந்த முதல் வரி அது. குறிப்பில் எழுதினேன்: ‘சாம்பார் நன்றாக இருந்தது. தங்கப்பாண்டியன் மன்னிப்புக் கேட்டான். இந்தத் தடவையும் தூக்கியது நான்தான். இடுப்பு பரவாயில்லை.’

பிறகு விஜி சொன்னபடி புரோகிராமை மூடினேன். வால் முளைத்த ஃபைல்கள் இரண்டும் கண்ணெதிரே மறைந்தன. அவசரமாகத் திறந்து பார்த்தேன். அவள் வரி இருந்தது. அதற்கு அடியில் என் வரி இருந்தது. மறுபடி மூடிவிட்டு, லேப்டாப் முழுசாக அணையும்வரை உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் மெயினைத் தொட்டேன்.