தாய்மாமன் கொடுத்த எண்ணெய்

லோகப்பிரியா தன் தம்பி சுரேந்தரை நம்பிய அளவுக்குச் சென்னிமலை முருகனைக்கூட நம்பியதில்லை. அவன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு நின்றவள் அவள்தான். கூறைச்சேலையின் ஒரு முனையை அவனும் மறுமுனையை அவளுமாகப் பிடித்து, ஊரறிய அக்காளும் தம்பியுமாக நின்றவர்கள். அதனால், நாட்டு மருந்து விற்றுவந்த அவன் மகள் ரித்திகாவின் வலிப்புக்குச் சின்னப் புட்டியில் எண்ணெய் கொண்டுவந்தபோது மறுபேச்சுப் பேசவில்லை.

"கஞ்சா இலைச் சாறுங்க அக்கா. வெளிநாட்டுல கொழந்தைகளுக்கே குடுக்கறாங்க. இங்க தெரிஞ்சா போலீஸ் கேஸாயிரும். டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

அவள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி மாத்திரையோடு எண்ணெயையும் ஊட்டினாள். சுரேந்தர் வந்த நாள்களில் அவனே ஊட்டிவிட்டான். வலிப்பு நின்றது. தாய்மாமன் கைராசி என்று சொந்தபந்தத்திடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். பிள்ளை பகலிலும் தூங்கி வழிந்தாள். உடம்பு தேறுகிற அறிகுறி என்றான் சுரேந்தர். அந்தப் புளுகையும் நம்பினாள்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் விழுந்த பிள்ளையை எழுப்பவே முடியவில்லை. "வேறென்ன குடுத்தீங்கம்மா?" என்று டாக்டர் வெங்கடலட்சுமி கேட்டபோது லோகப்பிரியா கைப்பையிலிருந்த புட்டியை இன்னும் உள்ளே தள்ளினாள். தம்பியை ஜெயிலுக்கு அனுப்பிவிடுவோமோ என்ற பயம். பிள்ளை மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்த பிறகுதான் புட்டியை நீட்டினாள்.

நல்லவேளை, ரித்திகா பிழைத்துக்கொண்டாள். புட்டியைச் சோதித்த முடிவும் வந்தது. அதில் கஞ்சாச் சாரம் மருந்துக்குக்கூட இல்லை.

"நல்லெண்ணெயில பழைய வலிப்பு மாத்திரையைப் பொடிச்சுக் கலக்கியிருக்காங்க. வலிப்பு நின்னதும் அதனாலதான், எங்க மாத்திரையோட சேந்து மூச்சு நிக்கப் பாத்ததும் அதனாலதான்" என்றார் டாக்டர். "கஞ்சா இலை மருந்தை லைசென்ஸ் இருக்கறவங்க டாக்டர் சீட்டுக்குத் தர்றாங்கம்மா. அதுக்கும் ஈரலைப் பாக்கோணும், மத்த மாத்திரையோட ஒத்துவருமான்னு பாக்கோணும். என்னைக் கேட்டிருந்தா ஜெயிலுக்கா அனுப்பியிருப்பேன்?"

லோகப்பிரியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் போலீஸ் பூச்சாண்டி காட்டியது, புட்டி டாக்டர் கண்ணில் படக்கூடாது என்பதற்குத்தான்.

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் பையோடு வந்த சுரேந்தர், அவள் கேட்டதும் தலை குனிந்துகொண்டான்.

"இலை கிடைக்கலைங்க அக்கா. யாவாரம் படுத்துப்போகுமேன்னு... அளவு பாத்துத்தானுங்க போட்டேன்."

"உன் மடியில உக்காந்து காது குத்துன புள்ளைடா."

"போலீசுக்குப் போயிராதீங்க அக்கா. தம்பின்னு பாக்க மாட்டீங்களா?"

"தம்பின்னு பாத்துத்தானே டாக்டர்கிட்ட மறைச்சேன்."

பேச்சுச் சத்தத்தில் கண்விழித்த ரித்திகா, மாமனைக் கண்டதும் எண்ணெய்க்காக வழக்கம்போல் வாயைத் திறந்து காட்டினாள்.

லோகப்பிரியா பாய்ந்து மகளின் வாயைக் கையால் பொத்தினாள். அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வாசலில் நின்ற நர்சிடம் சொன்னாள்: "அம்மணி, போலீசுக்குப் போன் போடுங்க."